பஸ்ட்டு: அமெரிக்கக் கூடைப்பந்தில் பொறுமையின் பங்கீடு

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 'பஸ்ட்' என்றொரு சொல் புழங்குகிறது. பெரிய எதிர்பார்ப்போடு எடுக்கப்பட்டு, எதிர்பார்த்தபடி தேறாமல் போன இளம் ஆட்டக்காரனுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. நம்மூர்ப் பேச்சில் 'சோடை போனவன்', 'வேஸ்ட்டு'. வேடிக்கை என்னவென்றால் 'ஃபர்ஸ்ட்' என்ற சொல்லும் நம் வாயில் 'பஸ்ட்டு' என்றுதான் வருகிறது. முதலாவதாக எடுக்கப்பட்டவனும் பஸ்ட்டு. வீணாய்ப் போனவனும் பஸ்ட்டு. இந்த ஒலிமயக்கம் தற்செயலானதுதான். ஆனால் அது தொட்டுக்காட்டும் உறவு தற்செயலானதல்ல. ஐம்பதாவது இடத்தில் எடுக்கப்பட்டவன் காணாமல் போனால் யாரும் அவனை பஸ்ட் என்று சொல்வதில்லை. அப்படி ஒருவன் இருந்ததையே மறந்துவிடுகிறார்கள். வரிசையில் முன்னால் நிறுத்தப்பட்டவனுக்குத்தான் இந்தப் பெயர் காத்திருக்கிறது. ஆகவே பஸ்ட் என்பது ஆட்டக்காரனின் குணம் பற்றிய சொல் அன்று. அவனுக்குத் தரப்பட்ட எண்ணுக்கும், அவன் பின்னால் அதே வரிசையில் நின்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கும் இடையிலான உறவைக் குறிக்கும் சொல்.

ஆட்டக்காரர்களை மறுமதிப்பீடு செய்யும் தகுதி எனக்குக் கிடையாது. பள்ளிக்கூட மண்தரையில் கொஞ்ச நாள் பந்தைத் தட்டியதோடு என் கூடைப்பந்து முடிந்துபோயிற்று. என்னை உறுத்துவது வேறொன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து 'இவன் தேறமாட்டான்' என்ற தீர்ப்பு எப்போது சொல்லப்படுகிறது? எந்த நாட்காட்டியை வைத்து? 'பொறுங்கப்பா, சின்னப் பையன், கொஞ்சம் டைம் குடுத்துப் பாப்போம்' என்கிற பரிவு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போயிற்று? பொறுமையை ஒரு மனக்குணமாகவே, நற்பண்பாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். ஒரு தொழிலுக்குள்ளோ அது பங்கிடப்படும் சரக்கு. ரேஷன் மண்ணெண்ணெய் போல அதற்கும் அட்டை உண்டு, அளவு உண்டு, கடையடைக்கும் நேரம் உண்டு. அந்தப் பங்கீட்டுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணியும் தனியார் சொத்து. ஆண்டுதோறும் புதிதாக வரும் இளைஞர்களை இந்த அணிகள் முறைவைத்து ஒருவர் பின் ஒருவராகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 'டிராஃப்ட்' என்று பெயர். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆளெடுப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. நன்றாக ஆடிய அணிக்குக் கடைசி. போட்டிச் சமநிலைக்காக என்பது சொல்லப்படும் காரணம். பையனின் கூலியைப் பல அணிகள் போட்டி போட்டு ஏற்றிவிடாமல் தடுப்பது சொல்லப்படாத காரணம். எந்த ஊரில், யாருக்காக ஆடுவது என்று அவன் தேர்ந்துகொள்ள முடியாது.

இந்த முறை 1947இல், என்.பி.ஏ.வின் முன்வடிவமான பி.ஏ.ஏ. என்ற அமைப்பில் தொடங்கியது. வரலாற்றின் முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கிளிஃப்டன் மெக்நீலி. எடுத்தது பிட்ஸ்பர்க் ஐயன்மென். மெக்நீலி அந்தக் கழகத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டெக்சாஸ் மாநிலத்துக்குத் திரும்பிப் பள்ளிக்கூடப் பயிற்சியாளரானார். அவரை எடுத்த அணியே அந்த ஆண்டு மூடப்பட்டுவிட்டது. கணக்குப்படி பார்த்தால் முதல் தேர்வே முழுத் தோல்வி. ஆனால் மெக்நீலியை யாரும் பஸ்ட் என்று சொல்வதில்லை. பணம் இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை. அப்போது பள்ளி வாத்தியார் வேலை தொழில்முறை ஆட்டத்தைவிட நிச்சயமான பிழைப்பு. அவர் விலகியது விவேகமாகவே பட்டிருக்க வேண்டும்.

பிறகு விதிகள் மாறிக்கொண்டே வந்தன. 1965 வரை ஓர் அணி தன் வட்டாரக் கல்லூரி நட்சத்திரத்தைத் தனியுரிமையாகக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. 1966 முதல் 1984 வரை முதல் இடத்துக்குக் காசு சுண்டினார்கள். 1969இல் ஃபீனிக்ஸ் 'தலை' என்று கேட்டுத் தோற்க, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர் மில்வாக்கிக்குப் போனார். 1985இல் உறைகளைப் போட்டு எடுக்கும் குலுக்கல் வந்தது. 1990இல் மோசமான அணிக்கு அதிக வாய்ப்புத் தரும் எடைபோட்ட குலுக்கல். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கும் அணிகளைத் தடுக்க 2019இல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு என்று ஆக்கினார்கள். ஆக, யார் முதலில் எடுப்பது என்பதில் காசும் உறையும் பந்தும் இருக்கின்றன. ஆனால் எடுக்கப்பட்ட பையன் சோடை போனால் மட்டும் அது தற்செயல் என்று யாரும் ஒப்புவதில்லை. யாரோ தவறு செய்தாக வேண்டும். ஒன்று எடுத்தவர், அல்லது எடுக்கப்பட்டவன்.

1984 என்கிற ஆண்டு இந்தச் சொல்லாடலின் மூலக்கதை. ஹூஸ்டன் முதலாவதாக நைஜீரியாவிலிருந்து வந்த ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவது உரிமை போர்ட்லண்டுக்கு. அவர்கள் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஏழடி உயர சென்டரான சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாகச் சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை. அவ்வளவுதான். அன்றிலிருந்து சாம் போவி என்பது ஒரு மனிதனின் பெயராக இல்லாமல் ஒரு பழமொழியாகிவிட்டது.

போர்ட்லண்டின் தர்க்கத்தை அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்ப்போம். ஜோர்டன் ஆடும் இடத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. முந்தைய ஆண்டுதான் 14ஆவது தேர்வாக கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். அவர் பிறகு பெரும் ஆட்டக்காரரானார். 1977இல் பில் வால்டன் என்ற சென்டரை வைத்துத்தான் அந்த அணி கோப்பை வென்றிருந்தது. அக்காலத்துப் பொதுப்புத்தி 'உயரமானவன் கிடைத்தால் விடாதே' என்பது. போவிக்குக் கல்லூரியில் கால் முன்னெலும்பு முறிந்து இரண்டு முழு ஆண்டுகள் வீணாகியிருந்தன. அது தெரிந்த விஷயம்தான். அதனால்தான் மருத்துவர்களை வைத்து நெடுநேரம் சோதித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து 2012இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் போவி ஒன்றைச் சொன்னார்: சோதனையின்போது காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், வலிக்கவில்லை என்று சொன்னேன், உள்ளே வலித்தது.

இந்த வாக்குமூலம் வந்தவுடன் 'பார்த்தீங்களா, ஏமாத்திட்டான்' என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல லட்சம் டாலர் ஒரு பக்கம், இருபத்து மூன்று வயது ஒரு பக்கம். அந்த நேரத்தில் ஒருவன் தன் எலும்பைப் பற்றி உண்மை பேச வேண்டும் என்று எதிர்பார்க்கும் அறம் யாருக்குச் சாதகமானது? வேலைக்கான மருத்துவச் சோதனையில் நோயை மறைக்காத தொழிலாளி எந்த நாட்டில் இருக்கிறான்?

அதற்குப் பின் நடந்ததும் ஒரே கோட்டில் அமைந்த வீழ்ச்சி அல்ல. முதல் ஆண்டில் போவி 76 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்கு 10 புள்ளி, 8.6 ரீபவுண்ட். அவ்வாண்டுப் புதியவர்களின் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானார். இரண்டாம் ஆண்டில் இடது கால் முறிந்தது. மூன்றாம் ஆண்டு ஐந்தே ஆட்டங்களில் வலது கால். பிறகு மறுபடியும். ஐந்து ஆண்டுகளில் 410 ஆட்டங்கள் நடந்திருக்க, அவர் போர்ட்லண்டுக்கு ஆடியவை 139. 1989இல் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்ட பின் மேலும் ஆறு ஆண்டுகள் ஆடி, மொத்தம் 511 ஆட்டங்களில் சராசரி 10.9 புள்ளியோடு 1995இல் ஓய்வு பெற்றார். இத்தனை முறிவுக்குப் பிறகு பத்து பருவங்கள் ஆடிய ஒருவரைப் பற்றி வேறொரு கதையாடலையும் எழுதலாம். அந்தக் கதையில் அவர் பிடிவாதத்தின் உருவமாக இருப்பார். அது எழுதப்படாததற்குக் காரணம் மூன்றாவது இடத்தில் நின்றவன்.

இன்னொன்று. ஹூஸ்டனும்தான் ஜோர்டனை விட்டது. அவர்களை யாரும் கேட்பதில்லை; ஏனெனில் ஒலாஜுவான் 1994, 1995 இரண்டு கோப்பைகளை வாங்கித் தந்துவிட்டார். வரலாற்றைப் பின்னாலிருந்து முன்னோக்கி எழுதும்போது இப்படித்தான் ஆகிறது. அன்று அறியக்கூடியதாக இருந்தது எது, பிறகுதான் அறிய முடிந்தது எது என்ற எல்லைக்கோடு அழிக்கப்படுகிறது. அழித்தபின் எல்லாமே 'தெரிந்திருக்க வேண்டியது' ஆகிவிடுகிறது. அரசியல் கட்சிகளின் வரலாற்றை எழுதுகிற நம் நண்பர்கள் பலரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போர்ட்லண்டுக்கு இது முதல் முறையும் அல்ல, கடைசி முறையும் அல்ல. 1972இல் முதலாவதாக எடுத்த லரூ மார்ட்டின் நான்கு பருவங்களில் 5.3 புள்ளி சராசரியோடு முடிந்துபோனார்; இரண்டாவதாகப் போன பாப் மெக்கடூ பெரிய ஆளானார். மார்ட்டினை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனதில் கல்லூரியில் வால்டனுக்கு எதிராக அவர் நன்றாக ஆடிய ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. 2007இல் கிரெக் ஓடன். இரண்டாவதாகப் போனவர் கெவின் டுரன்ட். ஓடனின் முழங்கால்கள் மொத்தம் 105 ஆட்டங்களுக்கு மேல் தாங்கவில்லை.

டுரன்ட் பெயர் வந்ததால் 'அளத்தல்' பற்றிப் பேசிவிடலாம். டிராஃப்டுக்கு முன்னால் இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டி அளக்கிறார்கள். காலணி இல்லாமல் உயரம், கைவீச்சின் நீளம், நின்று தூக்கிய கையின் எட்டம், எம்பும் அளவு, எடை. படுத்தபடி 185 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்பதும் அப்போது அதில் ஒன்றாக இருந்தது. 2007இல் டுரன்டால் அதை ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியான சிறைச்சாலை பற்றிய நூலில் 'தேர்வு' என்கிற சடங்கைப் பற்றிச் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. மேலிருந்து பார்க்கும் கண்காணிப்பும், இயல்பு/விலகல் என்று தரம் பிரிக்கும் தீர்ப்பும் ஒன்றுகூடும் இடம் தேர்வு. அது ஒவ்வொரு உடலையும் ஒரு 'கேஸ்' ஆக்கிக் கோப்பில் ஏற்றுகிறது. இங்கே அளக்கப்படும் உடல்களில் பெரும்பான்மை கறுப்பு உடல்கள். வாங்கும் முதலாளிகளில் பெரும்பான்மை வெள்ளையர். அடிமைச் சந்தையின் நிழல் இதில் விழுகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒப்புமையை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கோடிகளில் கூலி வாங்குகிற, சங்கம் வைத்திருக்கிற, வேலைநிறுத்தம் பேசுகிற தொழிலாளிகள் இவர்கள். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற கண் ஒன்று இதில் இருக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது.

எடையைத் தூக்க முடியாத டுரன்ட் பெரிய ஆட்டக்காரரானார் என்பதால் அளவை பொய் என்றாகிவிடாது. அளவை இன்றைய உடலைத்தான் அளக்கிறது. ஆனால் விலை பேசப்படுவது நாளைய உடலுக்கு. இந்த இடைவெளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்சைடு'. இனி வளர இருக்கும் இடம் என்று பொருள் கொள்ளலாம். ஒருவன் எவ்வளவு இளையவனோ அவ்வளவு அப்சைடு. அவனைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு விலை.

இப்படி அறியாமைக்கு விலை வைக்கும் சந்தை எப்போது உருவானது? நெடுங்காலம் பள்ளி முடித்து நான்கு ஆண்டு கழியாமல் யாரும் என்.பி.ஏ.வுக்குள் வர முடியாது. ஸ்பென்சர் ஹேவுட் வழக்குப் போட, 1971இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக நின்றது, கதவு திறந்தது. 1974இல் மோசஸ் மலோன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போட்டிக் கழகமான ஏ.பி.ஏ.வுக்குப் போனார். 1975இல் டாரில் டாக்கின்ஸ், பில் வில்லபி இருவரும் பள்ளியிலிருந்து என்.பி.ஏ.வுக்கு வந்தார்கள். பிறகு இருபது ஆண்டுகள் அந்தப் பாதையில் நேரே யாரும் வரவில்லை. 1995இல் கெவின் கார்னெட் மினசோட்டாவால் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட பிறகுதான் வெள்ளம் திறந்தது. 2004 டிராஃப்டின் முதல் சுற்றில் பள்ளிப் பையன்கள் மட்டும் எட்டுப் பேர்.

அதே 1995இல் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நம் எழுத்தாளர்கள் கவனிப்பதில்லை, அவர்கள் எழுத்தாளர்களும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முந்தைய ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் பத்து ஆண்டுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். முதலாளிகள் கதிகலங்கிப் போனார்கள். 1995 உடன்படிக்கையில் புதியவர்களுக்கு எண்வரிசைப்படி நிலையான சம்பளம், மூன்றே ஆண்டு என்று விதி வந்தது. மூன்றாண்டு முடியும் தறுவாயில், 1997இல், கார்னெட் ஆறு ஆண்டுக்கு 12 கோடியே 60 லட்சம் வாங்கிவிட்டார். மறுபடியும் கலக்கம், 1998இல் கதவடைப்பு. அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. புது உடன்படிக்கையில், நான்காம் ஆண்டும் வேண்டுமா வேண்டாமா என்பது அணியின் விருப்பம் என்றானது. 2005இல் அதையும் மாற்றி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் உறுதி, மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம் என்று வைத்தார்கள்.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு ஒருவனை வைத்துக்கொள்வதா என்பதை அவனுடைய முதல் பருவம் முடிந்து வருகிற அக்டோபர் 31க்குள் அணி சொல்லியாக வேண்டும். அதாவது அவன் ஆடியிருப்பது ஒரே ஒரு பருவம். பத்தொன்பது வயதில் வந்தவனுக்கு அப்போது இருபது. ஒருவனுக்கு எப்போது உடல் முற்றும், எப்போது ஆட்டம் புத்திக்குப் பிடிபடும் என்பதற்கும் இந்தத் தேதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஈ.பி.தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலைமுடியும் வரை என்றிருந்த காலம் எப்படிக் கடிகாரத்தின் காலமாக மாற்றப்பட்டது என்று காட்டினார். இங்கே பழுக்கும் காலம் தணிக்கைக் காலமாக மாறுகிறது. பத்திரிகைக்காரர்கள் 'இவன் பஸ்ட்டா, பொறுத்துப் பார்க்கலாமா' என்று விவாதிக்கும் பருவமும் இந்தத் தேதிகளை ஒட்டியே வந்துபோகிறது. விவாதிப்பவர்கள் தங்கள் பொறுமையை அளப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அளந்து கொடுத்திருப்பது ஒப்பந்தம்.

அதே 2005 உடன்படிக்கைதான் பத்தொன்பது வயதுக்குக் கீழே, பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல், யாரும் வரக் கூடாது என்றும் விதித்தது. சின்னப் பையன்களைக் காப்பாற்றத்தான் என்றார்கள். பொறுமைக்கு ஆகும் செலவைக் கல்லூரிகளின் தலையில் கட்டியதுதான் நடந்தது. கல்லூரிகளோ அப்போது பையனுக்குச் சம்பளமே தருவதில்லை. தன் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கும் உரிமைகூட 2021இல்தான் அவனுக்கு வந்தது. ஆகக் கடைசியில் அந்தச் செலவு விழுந்தது பையன் தலையில்.

*

எல்லோருக்கும் ஒரே அளவில் பொறுமை கிடைப்பதில்லை என்பதற்கு 1996ஐப் பார்க்கலாம். கோபி பிரையன்ட் பள்ளியிலிருந்து 13ஆவதாக சார்லட்டால் எடுக்கப்பட்டு உடனே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றப்பட்டார். முதல் ஆண்டு சராசரி 7.6 புள்ளி. 1997 மே மாதம் யூட்டாவுடனான தீர்மானகரமான ஆட்டத்தின் முடிவிலும் கூடுதல் நேரத்திலுமாக, அந்தப் பதினெட்டு வயதுப் பையன் எறிந்த நான்கு பந்துகள் வளையத்தைக்கூடத் தொடவில்லை. அணி வெளியேறியது. அவரை யாரும் கைவிடவில்லை. கைவிட வேண்டிய நெருக்கடி இல்லை. 56 ஆட்டங்கள் வென்ற அணி அது. ஷக்கீல் ஓநீல் என்ற மலை இருந்தது. தந்தையும் என்.பி.ஏ. ஆட்டக்காரர். 13ஆவது எண் என்பதால் எதிர்பார்ப்பின் பாரமும் குறைவு. தவறு செய்ய ஓரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதே ஆண்டு 17ஆவதாகப் போர்ட்லண்ட் எடுத்த ஜெர்மெய்ன் ஓநீல் நான்கு ஆண்டுகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். 2000இல் இண்டியானாவுக்கு மாறியதும் மலர்ந்து, 2002இலிருந்து தொடர்ந்து ஆறு முறை ஆல்-ஸ்டார் ஆனார். போர்ட்லண்ட் பொறுமை காட்டியதா, வீணடித்ததா? நான்கு ஆண்டுகள் வைத்திருந்தார்கள், ஆடவிடவில்லை. பொறுமைக்கும் புறக்கணிப்புக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே முகம்தான்.

டெட்ராய்ட் கதை இதைவிடச் சிக்கலானது. 1997இல் ஓடிஸ் தோர்ப் என்ற ஆட்டக்காரரை வான்கூவருக்குக் கொடுத்து, பதிலுக்கு எதிர்கால டிராஃப்ட் உரிமை ஒன்றை டெட்ராய்ட் வாங்கி வைத்தது. அந்தக் காகித உரிமை ஆறு ஆண்டுகள் கழித்து 2003இல் இரண்டாவது இடமாகக் கனிந்தது. முதலாவதாக லெப்ரான் ஜேம்ஸ் போக, டெட்ராய்ட் எடுத்தது செர்பியாவிலிருந்து வந்த டார்கோ மிலிசிச். வயது பதினெட்டு. அடுத்து நின்றவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். டார்கோ முதல் ஆண்டில் ஆடியது 34 ஆட்டம், சராசரி 1.4 புள்ளி. பயிற்சியாளர் லாரி பிரவுன் புதியவர்களை நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். அவருக்குக் கோப்பை வேண்டியிருந்தது. 2004இல் வென்றும் விட்டார். அப்போது டார்கோவுக்குப் பத்தொன்பது நிறைய ஐந்து நாள் பாக்கி. 2006 பிப்ரவரியில் அவரை ஆர்லண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். காகிதத்துக்கு ஆறு ஆண்டு காத்திருந்த அணி, ஆளுக்கு மூன்று ஆண்டு காத்திருக்கவில்லை.

ஆனால் அந்தக் கோப்பையை வென்ற டெட்ராய்ட் அணி யாரால் ஆனது என்று பாருங்கள். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் சான்சி பிலப்ஸ். 1997இல் பாஸ்டன் மூன்றாவதாக எடுத்து, 51 ஆட்டங்களிலேயே பொறுமையிழந்து டொரன்டோவுக்குத் தள்ளிய ஆள். அங்கிருந்து டென்வர், ஆர்லண்டோ, மினசோட்டா என்று ஊர் ஊராகச் சுற்றி ஐந்தாம் ஆண்டு முடிவில் டெட்ராய்ட் வந்து சேர்ந்தார். பஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டவர் 2024இல் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். அதே அணியின் அரணாக நின்ற பென் வாலஸ் டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாதவர். இந்த இருவருக்கும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் இரண்டாம் எண் பையன். டார்கோ பிறகு ஊர் திரும்பி ஆப்பிள் தோட்டம் போட்டார். செடி வைத்தால் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது முன்கூட்டியே தெரிகிற தொழில்.

பொறுமைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது டர்க் நொவிட்ஸ்கியை. 1998இல் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டு டாலஸ் வந்த ஜெர்மானியப் பையன். முதல் ஆண்டு 8.2 புள்ளி, 2007இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், 2011 ஜூனில் கோப்பை. 'பார்த்தீங்களா, பொறுத்தார் பூமி ஆள்வார்.' சரி. டர்க்குக்காக டாலஸ் மாற்றிக்கொடுத்தது யாரை என்றும் பார்க்க வேண்டும். ஆறாவதாக எடுக்கப்பட்ட ராபர்ட் டிரெய்லரை. கனத்த உடம்பு. அணி அணியாக மாறினார். 2005இல் இதயப் பெருந்தமனியில் அறுவைச் சிகிச்சை. பிறகு வெளிநாட்டுக் கழகங்கள். 2011 மே மாதம் போர்ட்டோ ரிக்கோவில் 34 வயதில் இறந்துபோனார். டாலஸ் கோப்பை வாங்க ஒரு மாதம் இருந்தது. இறந்த செய்தியிலும் டர்க்குக்காக மாற்றப்பட்டவர் என்ற வரி இருந்தது. ஒருவனுக்குப் பொறுமை பலித்த கதையைச் சொல்லும்போதெல்லாம் இன்னொருவன் அதன் அடிக்குறிப்பாகிறான்.

நம் நாட்டுப் பையன் ஒருவனும் இந்த வரிசையில் நின்றான் என்பதைச் சொல்லியாக வேண்டும். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங் 2015இல் 52ஆவதாக டாலஸால் எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். ஏழடிக்கு மேல் உயரம், பத்தொன்பது வயது. இங்கே பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. துணைக் கழகத்தில் ஆடினார், என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பிறகு அமெரிக்க மல்யுத்தக் காட்சிக்குப் போனார். அமெரிக்காவில் அவரை யாரும் பஸ்ட் என்று சொல்லவில்லை. 52 அதற்கான எண் அல்ல. இங்கே நாமும் சொல்லவில்லை. சும்மா பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

கடைசியாக குவாமே பிரவுன். 2001இல் வாஷிங்டன் அவரை முதலாவதாக எடுத்தது. பள்ளிப் பையன் ஒருவன் முதலிடத்தில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. எடுத்தவர், அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த மைக்கேல் ஜோர்டன். ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் ஊரில், எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வந்தவர் குவாமே. முந்தைய பருவத்தில் 19 ஆட்டங்களே வென்றிருந்த அணி. நிதானமாகக் கட்டியெழுப்பலாம் என்றுதான் பதினெட்டு வயதுப் பையனை எடுத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். மூன்றே மாதத்தில் ஜோர்டன் 38 வயதில் தானே மறுபடி ஆட வந்துவிட்டார். ஒரே அணிக்குள் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் ஐந்தாறு ஆண்டு மீதி. மற்றொன்றில் இரண்டே ஆண்டு. எந்தக் கடிகாரப்படி அணி ஓடும் என்பது சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியில் ஜோர்டன் அந்தப் பையனை எப்படி வசவால் நொறுக்கினார் என்பதை மைக்கேல் லீஹி 2004இல் வெளியிட்ட புத்தகம் பதிவுசெய்திருக்கிறது. முதல் ஆண்டு 4.5 புள்ளி. மூன்றாம் ஆண்டு, ஜோர்டன் போன பிறகு, 10.9 புள்ளி, 7.4 ரீபவுண்ட். அது ஏறுமுகம் என்று அன்று யாருக்கும் படவில்லை. தீர்ப்பு ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. அவருக்கு அடுத்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட இன்னொரு பள்ளிப் பையன் டைசன் சாண்ட்லர், பத்து ஆண்டும் மூன்று அணிகளும் கடந்து 2011இல் டர்க்குடன் கோப்பை வாங்கி, 2012இல் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரரானார்.

2005இல் குவாமே லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 2008 பிப்ரவரியில் அவரையும் வேறு சிலரையும் மெம்ஃபிஸுக்குக் கொடுத்து, 2001இல் தனக்கு இரண்டு இடம் பின்னால் எடுக்கப்பட்டிருந்த பாவ் கசோலை லாஸ் ஏஞ்சல்ஸ் வாங்கிக்கொண்டது. மெம்ஃபிஸுக்கு குவாமேயிடம் பிடித்தது அவர் ஆட்டமல்ல. அந்தக் கோடையோடு முடியவிருந்த அவருடைய ஒப்பந்தம். முடிந்துபோகும் காலமே அவர் மதிப்பானது. பகற்கொள்ளை என்று எல்லோரும் சிரித்தார்கள். அதே மாற்றத்தில் ஒரு பெயராக மட்டும் மெம்ஃபிஸுக்குப் போன, 48ஆவதாக எடுக்கப்பட்ட தம்பி மார்க் கசோல் 2013இல் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகும் வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

2010இல் குவாமேயை சார்லட் அணி எடுத்தது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜோர்டன் அந்த அணியின் முதலாளியாகியிருந்தார். 66 ஆட்டங்கள், 7.9 புள்ளி, 6.8 ரீபவுண்ட். இம்முறை எண் எதுவும் அவர் மேல் ஒட்டியிருக்கவில்லை. போதுமான அளவு நன்றாக ஆடினார். பிறகு கோல்டன் ஸ்டேட், ஃபிலடெல்ஃபியா. பன்னிரண்டு பருவங்கள், ஏழு அணிகள், 607 ஆட்டங்கள். 2021 மே மாதம், பழைய சக ஆட்டக்காரர்கள் சிலர் ஓர் ஒலிபரப்பில் அவரைக் கேலி செய்து சிரிக்க, 39 வயதில் குவாமே தன் போனை எடுத்து வைத்துக்கொண்டு தானே பேசத் தொடங்கினார். ஒரு நாளல்ல, நாட்கணக்கில். கோபமும் வசவும் கணக்கும் கலந்த பேச்சு. தான் எத்தனை ஆண்டு ஆடினேன், அப்போது தனக்கு என்ன வயசு என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.